குறுவட்டம் முதல் மாநிலம் வரை: பள்ளி ஆட்டங்களில் நடுவர்

உதகையில் கூடியிருக்கும் நீலகிரி மாவட்ட உடற்கல்வி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

அக்கம்பக்கத்துப் பள்ளிகள் மோதும் முதல் கட்டமான குறுவட்டப் போட்டியில் விசில் ஊதுபவருக்கும் மாநிலப் போட்டியில் ஊதுபவருக்கும் விதிப்புத்தகம் ஒன்றுதான். எந்த மட்டத்தில் எவ்வளவு நெகிழலாம் என்பதில்தான் நமக்குள் குழப்பம் நிலவுகிறது. சிறுவர் ஆட்டத்திற்குச் சலுகை வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்தச் சலுகை போட்டி தொடங்குமுன் எல்லா அணிகளுக்கும் அறிவிக்கப்பட்டதாக இருக்க வேண்டுமே தவிர, ஆட்டத்தின் நடுவில் நடுவருக்குத் தோன்றிய இரக்கமாக இருக்கக் கூடாது.

கால்பந்தை எடுத்துக்கொள்வோம். இளையோர் ஆட்டங்களில் மைதானத்தின் அளவு, பந்தின் அளவு, ஆட்ட நேரம், மாற்றப்பட்டு வெளியே வந்தவர் மீண்டும் களமிறங்குவது ஆகியவற்றை அமைப்பாளர்கள் மாற்றிக்கொள்ளப் பன்னாட்டு விதிகளே இடம் தருகின்றன. பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் உள்ளே எறியும் த்ரோ-இன் முறைக்கு அந்த விலக்கு இல்லை. 14 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் காலைத் தூக்கிக்கொண்டு எறிந்துவிட்டால், பாவம் என்று மறுபடி எறியவிடுவது எதிரணியிலுள்ள இன்னோர் ஆறாம் வகுப்புப் பையனுக்குச் செய்யும் அநியாயம். பந்தை எதிரணிக்குக் கொடுங்கள். கொடுக்கும்போதே, "இரண்டு காலும் தரையில் இருக்கணும், தம்பி" என்று சொல்லிக்கொடுங்கள். மாநில அளவில் கை காட்டினால் போதும்.

அட்வான்டேஜ் கொடுப்பது, அதாவது தவறு நடந்தும் பாதிக்கப்பட்ட அணிக்குச் சாதகம் என்பதால் ஊதாமல் ஆட்டத்தைத் தொடரவிடுவது, வேறு வகை. அதை விதியே நடுவரின் கணிப்புக்கு விட்டிருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரன் இடறிவிடப்பட்டாலும் சமாளித்துப் பந்தோடு ஓடுவான். சின்னப் பிள்ளையோ நின்று நம் முகத்தைப் பார்ப்பான். நாம் ஊதவில்லை என்றால், இடறிவிட்டவன் அதைத் தவறே இல்லை என்று எடுத்துக்கொள்வான், சற்று நேரத்தில் பதிலடியும் விழும். ஆகவே கீழ்மட்டத்தில் விசில் சீக்கிரம் வரட்டும்.

பாதுகாப்பில் மட்டும் மட்ட வேறுபாடு கிடையாது. கம்மலின் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஆடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். கால்பந்து விதி அதை அனுமதிக்கவில்லை. புதிதாகக் குத்திய காது தூர்ந்துவிடும் என்று அம்மாக்கள் வாதாடுவார்கள். (காது குத்தக் கோடை விடுமுறை இருக்கிறதே என்று நானும் வாதாடுவேன்.) கழற்றினால்தான் ஆட்டம்.

நடுவர் பற்றாக்குறையால் குறுவட்டத்தில் தம் பள்ளி ஆட்டத்திற்குத் தாமே நடுவராக நிற்பவர்களும் உண்டு. எவ்வளவு நேர்மையாக ஊதினாலும் தோற்ற அணி நம்பப்போவதில்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியரோடு ஆட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

நம் மலைக்கே உரிய சிக்கல் மூடுபனி. ஒரு கோல் கம்பத்தருகே நின்றால் மறுகோடிக் கம்பம் தெரியவில்லை என்றால் ஆட்டத்தை நிறுத்திவிடுவது என் வழக்கம். நிறுத்தும் அதிகாரம் நடுவருடையதே. போட்டி விதி வேறுவிதமாகச் சொல்லாதவரை, கைவிடப்பட்ட ஆட்டத்தை மீண்டும் ஆட வேண்டும். பந்தலூரிலிருந்து வந்து, இருட்டுவதற்குள் பேருந்து பிடிக்க வேண்டிய பிள்ளைகளை மறுநாளும் வரச் சொல்வது எளிதன்று. எத்தனை நிமிடம் ஆடியிருந்தால் அப்போதைய கோல் கணக்கே முடிவாகும் என்பதைக் காலையிலேயே அமைப்பாளர்களைக் கொண்டு எழுதவைத்து, இரு அணி ஆசிரியர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.