பேரணி கலைந்த பிறகு

நண்பர்களே, பத்தாயிரம் பேர் திரண்ட ஒரு நாளைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எனக்கு அக்கறையெல்லாம் அதற்கு மறுநாளிலிருந்துதான். மேடைப் பேச்சையே தொழிலாகக் கொண்டவன் இதைச் சொல்வது எனக்கே கொஞ்சம் சுடுகிறது.

1964 மார்ச் 5. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத் தலைநகரான ஃபிராங்ஃபர்ட்டில், சட்டமன்றத்தை நோக்கி ஏறத்தாழ பத்தாயிரம் பேர் நடந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் பேசினார். பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனும் வந்திருந்தார். அவர்கள் கேட்டது என்ன? கறுப்பர் என்பதற்காக யாரையும் உணவகத்திலும் விடுதியிலும் தியேட்டரிலும் வாசலோடு திருப்பி அனுப்பக் கூடாது. இவ்வளவுதான். இதற்குச் சட்டம் தேவைப்பட்டதே வெட்கக்கேடு!

கூட்டம் கலைந்தது, மசோதா அசையவில்லை. அப்போது சிலர் அவையின் பார்வையாளர் மாடத்தில் போய் அமர்ந்து உண்ணாவிரதம் தொடங்கினார்கள். கீழே உறுப்பினர்கள் வேறு எதையோ விவாதிக்கிறார்கள். தலை நிமிர்ந்தால் மேலே பட்டினி கிடப்பவர்களின் முகங்கள். தெருவில் எழும் முழக்கத்தை ஜன்னலைச் சாத்தித் தடுக்கலாம், இந்த மௌனத்தை எதைக் கொண்டு சாத்துவது?

அப்படியும் அந்த ஆண்டு மசோதா நிறைவேறவில்லை. அன்றைய கென்டக்கியில் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான்; அதுவும் 60 அமர்வு நாள்கள்தான். எதிர்ப்பவர் எழுந்து நின்று 'கூடாது' என்று சொல்லிப் பழி சுமக்க வேண்டியதில்லை. காகிதத்தைக் குழுவில் கிடப்பில் போட்டு, நாளைக் கடத்தினாலே போதும். கூட்டத்தொடர் முடிந்தால் மசோதாவும் முடிந்தது. உரிமைக்காக வாதாடுகிறவருக்குச் சட்டப் புத்தகத்தைவிடக் காலண்டர்தான் முதல் பாடம் என்பேன்.

1966இல் அவை மீண்டும் கூடியது. இடையில் வாஷிங்டனில், நாடு முழுமைக்குமான குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறியிருந்தது. அதன் பலத்தை மறுக்கவில்லை. ஆனால் இம்முறை கடைசி வாரம்வரை விட்டுவைக்கவில்லை. ஜனவரி 27ஆம் தேதியே ஆளுநர் எட்வர்ட் பிரெதிட் கையெழுத்திட்டார். வேலைவாய்ப்பும் அதில் சேர்ந்திருந்தது. தென் மாநிலங்களில் அப்படியொரு சட்டம் அதுதான் முதல்.

வீடு மட்டும் மிச்சமிருந்தது. வாடகைக்கு விடுவதிலும் விற்பதிலும் நிறம் பார்த்தார்கள். 1964 பேரணிக்கு ஆள் திரட்டியவர்களில் ஒருவர் ஜார்ஜியா டேவிஸ் பவர்ஸ். 1967இல் அவரே மாநில செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த அவைக்குள் போன முதல் கறுப்பர் அவர்தான். 1968 கூட்டத்தொடரிலேயே வீட்டு உரிமைச் சட்டமும் வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் வாசலில் நின்று கேட்டவர், இம்முறை உள்ளே உட்கார்ந்து வாக்களித்தார்.