கேரட் காபி குடிச்சு தொடங்குன ஸ்கூல்

[காட்சி: மலையடிவாரத்துல ஒரு சின்ன கல் வீடு]

அமெரிக்காவுல மேரிலாண்ட் மாநிலம், எமிட்ஸ்பர்க்னு ஒரு ஊரு, மூவாயிரம் பேர் கூட கிடையாது. இங்க இருக்கற மதர் சீட்டன் ஸ்கூல் வெறும் எட்டாங்கிளாஸ் வரைக்கும்தான், ஆனா எப்ப ஆரம்பிச்சீங்கன்னு கேட்டா 1810னு சொல்லுவாங்க.

இதை ஆரம்பிச்சவங்க எலிசபெத் சீட்டன், நியூயார்க்காரங்க. வசதியான குடும்பம்தான், ஆனா புருஷனோட வியாபாரம் திவாலாயிடுச்சு, அவருக்கு டிபி வேற, கிளைமேட் மாறுனா தேவலையாகும்னு இத்தாலிக்கு கூட்டிட்டுப் போனா 1803 டிசம்பர்ல அங்கயே இறந்துட்டாரு. இவங்களுக்கு அப்ப 29 வயசு, அஞ்சு புள்ளைங்க. 1805ல கத்தோலிக்க மதத்துக்கு மாறுனாங்க, சொந்தத்துல பல பேரு மொகம் குடுக்கறதையே விட்டுட்டாங்க. பாடம் சொல்லிக் குடுத்து பொழைக்கலாம்னு பாத்தா நியூயார்க்ல அதுவும் ஓடல. அதனால இதை ஏதோ சேவைன்னு மட்டும் நினைச்சுடாதீங்க, அவங்களுக்கு இது வயித்துப்பாடும்தான்.

1808ல துபூர்க்னு ஒரு ஃபாதர் கூப்பிட்டு பால்டிமோர்ல ஸ்கூல் வைக்கச் சொன்னாரு. அடுத்த வருஷம் ஜூன்ல எமிட்ஸ்பர்க், அங்க எலிசபெத் கூட வந்த பொண்ணுங்களோட ஒரு கன்னியாஸ்திரி சபையையும் ஆரம்பிச்சாங்க. நிலம் வாங்க பணம் குடுத்தது சாமுவேல் கூப்பர், அவரும் மதம் மாறி, ஃபாதராகறதுக்கு குருமடத்துல படிச்சிட்டு இருந்தவரு. கூண்டு வண்டியில சாமானோட கிளம்பி பாதி தூரம் நடந்தே வந்தாங்க.

[காட்சி: கல் வீட்டோட பரண்]

அந்த முதல் குளிர்காலம் இருக்கே, இந்த வீட்ல நாலே ரூமு, அதுல பதினாறு பேரு, ராத்திரி கூரை இடுக்குல பனி உள்ள கொட்டும், காபிக்கு காசில்லாம கேரட்ல காபி போட்டு குடிச்சிருக்காங்க.

1810 பிப்ரவரி 22, ஏழை வீட்டுப் பொண்ணுங்களுக்கு ஃபீஸே இல்லாம ஸ்கூல் திறந்தாச்சு. சரி, காசு? இங்கதான் எனக்கு இந்தம்மாவை ரொம்பப் பிடிக்கும். அதே வருஷம் மே மாசத்துலயே ஹாஸ்டல் ஸ்கூல் ஒண்ணையும் ஆரம்பிச்சு, வசதியானவங்க பொண்ணுங்ககிட்ட ஃபீஸ் வாங்கி, அந்த வருமானத்துல இலவச ஸ்கூலையும் ஓட்டுனாங்க. இந்த சிஸ்டர்ஸ் எடுத்துக்கிட்ட சட்டதிட்டம் பிரான்ஸ்ல வின்சென்ட் தே பவுல் சபையோடது, அது முழுக்க ஏழைங்களுக்கானது, ஃபீஸ் வாங்கற ஸ்கூலுக்கு அதுல இடமில்ல, அதனால இந்த ஊருக்கு ஏத்த மாதிரி திருத்திக்கிட்டாங்க. புள்ளைங்களை வளக்கற பொறுப்பையும் எலிசபெத் கைவிடாம வச்சுக்கிட்டாங்க, தாயாவும் இருந்தாங்க, சபைக்கு தலைவியா மதராவும் இருந்தாங்க.

அமெரிக்காவோட முதல் கத்தோலிக்க ஸ்கூல்னு இதை சிலர் போட்டுடறாங்க, அது சரியில்ல. நியூ ஆர்லியன்ஸ்ல உர்சுலைன் சபை சிஸ்டர்ஸ் 1727லயே வந்து ஸ்கூல் வச்சுட்டாங்க, என்ன, அப்ப அது பிரெஞ்சு ஊரு.

டிபி இவங்களை விடல. 1812ல மூத்த பொண்ணு, 1816ல கடைசிப் பொண்ணு, 1821 ஜனவரியில இவங்களே, 46 வயசுல. 1975ல புனிதர் பட்டம், அமெரிக்காவுல பொறந்தவங்கள்ல முதல் ஆளு.

[காட்சி: வெள்ளை மர வீடு]

அவங்க உயிர் போன வீடு இது, இன்னும் நிக்குது, உள்ள போய் பாக்கலாம். அதே ஊர்ல காலையில பெல் அடிச்சா மதர் சீட்டன் ஸ்கூல்ல பசங்க வரிசையா கிளாசுக்குப் போறாங்க, இப்ப பையனுங்களும் சேத்து.