ஃபிளாட்டுக்குள்ள புதுசா பாட்டிஷன் சுவர்: பைப்புக்கும் வயருக்கும் எத்தினை இஞ்சி விடோணும்?

வணக்கம் வணக்கம். போன வீடியோவுக்கு வந்த கேள்வியள்ல ஒண்டை முதல் எடுக்கிறன், ஏனெண்டா இதையே வேற வேற மாதிரி கனபேர் கேட்டிருக்கினம். வெள்ளவத்தையில இருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறா, "தம்பி, எங்கட ஃபிளாட்ல ஹோல் பெரிசு, அதில ஒரு பக்கத்தை மறிச்சு மகளுக்கு ஒரு அறையும் அதோட சின்ன பாத்ரூமும் எடுக்க யோசிக்கிறம். மேசன் பாஸ் நாலு இஞ்சிக் கல்லு வச்சுக் கட்டுவம் எண்டுறார், மகன் ஜிப்சம் போர்ட் அடிப்பம் எண்டுறான். எதைச் செய்தாலும் பைப் வயர் ஒண்டும் வெளியில தெரியக்கூடாது. சுவர் எவ்வளவு தடிப்பு வேணும், தண்ணியும் கரண்டும் ஒரே சுவருக்குள்ள விடலாமோ?" இதுதான் கேள்வி.

அக்கா, நீங்கள் சுவர்ல இருந்து தொடங்குறீங்கள், உள்ள போற பைப்ல இருந்து தொடங்கோணும். இங்க நடக்கிற வழமை என்னெண்டா முதல் சுவர் எழும்பும், பிறகு பைப் பாஸ் வருவார், பிறகு வயரிங் பாஸ் வருவார், ரெண்டு பேரும் கிறைண்டரைப் பிடிச்சு அந்தப் புதுச் சுவரைக் கொத்துக் கறியாக்கிப்போட்டுப் போவினம், பிறகு மேசன் பாஸ் திரும்ப வந்து பூசுவார், அதுக்கும் கூலி. அப்பிடிச் செய்யாம, உள்ள போறதிலயே ஆகப் பெரிய சாமான் எதுவோ அதுதான் சுவர்ட தடிப்பைச் சொல்லும்.

அளவைச் சொல்லுறன் குறிச்சுக் கொள்ளுங்கோ. அரை இஞ்சித் தண்ணி பைப்ட வெளி விட்டம் 20 மில்லிமீட்டர், முக்கால் இஞ்சி எண்டா 25. இது ரெண்டும் எந்தச் சுவருக்குள்ளயும் போகும், பிரச்சினையே இல்லை. வயர் போற கொண்டுயிட்டும் 20தான். பிரச்சினை முழுக்க வேஸ்ட் பைப்ல. ஷவருக்குப் போடுற ரெண்டு இஞ்சி பைப் 63 மில்லிமீட்டர், கொமட்டுக்குப் போற நாலு இஞ்சி பைப் 110, பைப்போட பைப்பைப் பொருத்துற கொலர் வாற இடத்தில அதைவிடப் பெரிசு. நாலு இஞ்சிச் சுவரே 100 மில்லிமீட்டர்தானே, அப்ப 110 பைப்பை அதுக்குள்ள ஒளிக்கிறது எப்பிடி? ஒளிக்கேலாது.

இப்ப பாஸ் சொல்லுற கல்லுச் சுவரைப் பார்ப்பம். கல்லுச் சுவரை வெட்டுறதுக்கு பிரிட்டிஷ் கட்டிட வழிகாட்டல்ல ஒரு கணக்கு இருக்கு, நேர் கீழ மேல வெட்டுறதெண்டா சுவர்ட தடிப்பில மூண்டில ஒரு பங்குக்கு மேல ஆழம் போகக்கூடாது, கிடையா வெட்டுறதெண்டா ஆறில ஒரு பங்கு. நாலு இஞ்சிக் கல்லில அது கிட்டத்தட்ட 33 மில்லிமீட்டரும் 16 மில்லிமீட்டரும். அப்ப கீழ மேல ஒரு கொண்டுயிட் தாராளமாப் போகும், கிடையா அதே கொண்டுயிட்டே போகாது. ஆனா எங்கட ஆக்கள் செய்யிறது என்ன, பிளக் பொயின்ட் ஒவ்வொண்டுக்கும் நடுவில கிடையாத்தான் நீட்டுக்கு இழுப்பினம். உள்ள பொள்ளலா இருக்கிற கல்லெண்டா இன்னும் மோசம், அதில ஓடு மாதிரி ஒரு மெல்லிசுதானே இருக்கு, கிறைண்டர் பட்ட உடன பொள்ளல் திறந்திடும்.

அதோட பாரம். ரெண்டு பக்கமும் பூசின நாலு இஞ்சி கல்லுச் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோவை அண்டி வரும், ஜிப்சம் போர்ட் சுவர் அதே அளவுக்கு 25 கிலோ மட்டில. தரை வீடெண்டா பரவாயில்லை, கீழ அத்திவாரம் போட்டுக் கட்டலாம். நீங்கள் இருக்கிறது மாடியில, அந்த ஸ்லாப்ல முதல் சுவர் இல்லாத இடத்தில பதினைஞ்சு அடி நீளத்துக்குக் கல்லை அடுக்கிறதெண்டா எஞ்சினியர் ஒராளிட்டக் காட்டாமச் செய்யாதீங்கோ. மெனேஜ்மென்ட் கமிட்டியிட்ட எழுத்தில அனுமதியும் எடுக்கோணும், பிறகு கீழ் வீட்டுச் சீலிங் ஒழுகினா முதல்ல உங்கட கதவைத்தான் தட்டுவினம். இந்த விசயத்தில நான் மகன்ட பக்கம்.

ஆனா மகனுக்கும் ஒண்டு சொல்லோணும். போர்ட் அடிக்கிறதெண்டா சீலிங் அடிக்கிற மெல்லிய தகரச் சனலை வச்சு சுவர் எழுப்புற ஆக்கள் இருக்கினம், விலை குறைவாச் சொல்லுவினம், அதுக்கு மசியாதீங்கோ. சுவருக்கெண்டு வாற ஜி.ஐ. ஸ்டட், அதாவது சுவருக்குள்ள நட்டமா நிக்கிற நாகம் பூசின தகரச் சட்டம், அது வேற, அது 50, 75, 100 மில்லிமீட்டர் எண்டு அகலத்தில வரும். பழைய சோனகத் தெருவில வாங்கப் போனா சுவர் ஸ்டட் எண்டே கேட்டு வாங்குங்கோ, தகரத்திட தடிப்பையும் கேளுங்கோ. 75 ஸ்டட்டுக்கு ரெண்டு பக்கமும் 12.5 போர்ட் அடிச்சா சுவர் 100 மில்லிமீட்டர், அதாவது நாலு இஞ்சி. அறைக்கும் ஹோலுக்கும் நடுவில வாற சுவருக்கு இது காணும், அதில வயரும் தண்ணி பைப்பும் ஏஸி பைப்பும் போகும். போர்ட் நாலு அடி அகலம், அதால ஸ்டட்டை ரெண்டு அடிக்கு ஒண்டு இல்லாட்டி 16 இஞ்சிக்கு ஒண்டு நிப்பாட்டினாத்தான் போர்ட் விளிம்பு சரியா ஸ்டட்ல வந்து குந்தும். டைல்ஸ் ஒட்டுற பக்கம் 16 இஞ்சிதான், அதில கஞ்சத்தனம் பார்க்காதீங்கோ. பாத்ரூம் பக்கத்துக்கு சாதாரண ஜிப்சம் வேண்டாம், பச்சை நிறத்தில வாற ஈரம் தாங்குற போர்ட்டும் ஷவர் தண்ணி நேரா அடிக்கிற இடத்துக்குக் காணாது, அங்க சிமெண்ட் ஃபைபர் போர்ட் போட்டு வோட்டர் புரூஃப் பூசிப்போட்டு டைல்ஸ் ஒட்டுங்கோ. ஸ்டட் எல்லாம் வந்து குந்துற அடி சனலையும் நிலத்தில நேரா வைக்காதீங்கோ, பாத்ரூம் பக்கம் முதல்ல நாலு இஞ்சி உயரத்துக்கு ஒரு கொங்கிரீட் கட்டுப் போட்டு அதுக்கு மேல சனலை வச்சா கழுவுற தண்ணி போய் அதில நிக்காது.

சரி, இப்ப அந்த 110 பைப்புக்கு வருவம், இதிலதான் எல்லாரும் மாட்டுப்படுறது. ஸ்டட் தகரத்தில ஓட்டை போட்டு வரிசையா கிடையா நாலு இஞ்சி பைப்பைக் கொண்டு போகேலாது, 100 ஸ்டட் எண்டாலும் ஓட்டை ஸ்டட்டையே விழுங்கிப் போடும். சில பேர் ரெண்டு வரிசை ஸ்டட் நிப்பாட்டி நடுவில பைப்பை விடுவினம், அது சரியான முறைதான், ஆனா சுவர் பத்து இஞ்சிக்குப் போயிடும், ஃபிளாட்ல பத்து இஞ்சி எண்டா அது கட்டில் ஒண்டிட இடம். நான் சொல்லுறது, முழுச் சுவரையும் தடிப்பாக்காதீங்கோ. சுவர் நாலு இஞ்சியிலயே இருக்கட்டும், பாத்ரூமுக்குள்ள கொமட்டுக்கும் பேசினுக்கும் பின்னால மூண்டரை நாலு அடி உயரத்தில, எட்டு இஞ்சி அகலத்தில ஒரு அரைச் சுவர் தனியா எழுப்புங்கோ. வேஸ்ட் பைப் முழுக்க அந்த அரைச் சுவருக்குள்ள. மேல ஒரு கிறனைட் துண்டு போட்டா சவுக்காரம் ஷாம்பு வைக்கிற தட்டாயிடும், அந்தத் துண்டை சிலிக்கன் மட்டும் அடிச்சு ஒட்டுங்கோ, நாளைக்கு அடைச்சாலோ ஒழுகினாலோ சிலிக்கனை வெட்டித் தூக்கிப்போட்டுக் கையை விடலாம், டைல்ஸ் உடைக்கத் தேவையில்லை. கொமட் வாங்கேக்க பின்பக்கம் போற பி ட்ரப் கொமட்டாப் பார்த்து வாங்குங்கோ, நிலத்துக்குள்ள போற எஸ் ட்ரப் வாங்கினா ஸ்லாப்பைத் துளைக்கோணும், அதுக்குப் பிறகு கீழ் வீட்டுக்காரரோட கதைக்கவே ஏலாது. சில புதுக் கட்டடங்கள்ல ஸ்லாப்புக்குள்ள இழுத்துக் கட்டின இரும்புக் கேபிள் இருக்கும், அதைத் துளைச்சா பாத்ரூம் பிரச்சினை கட்டடப் பிரச்சினையாயிடும்.

தண்ணியும் கரண்டும் ஒரே சுவரில விடலாமோ? விடலாம். ஒரே ரெண்டு ஸ்டட்டுக்கு நடுவில விடாதீங்கோ, ஒரு இடைவெளி தண்ணிக்கு, அடுத்த இடைவெளி வயருக்கு எண்டு பிரிச்சுக் கொள்ளுங்கோ. கிடையாப் போற இடத்தில வயர் மேல, தண்ணி கீழ. ஜி.ஐ. ஸ்டட்ல வாற ஓட்டையிட விளிம்பு பிளேட் மாதிரி, வயரைச் சும்மா அதுக்குள்ளால இழுத்தா இன்சுலேஷன் கிழியும், கிழிஞ்சா ஒரு வயர் இல்லை முழுச் சட்டமுமே கரண்ட்ல நிக்கும். அதால ஒவ்வொரு ஓட்டைக்கும் குரொமெட் எண்டுற ரப்பர் வளையம் போடோணும், இல்லாட்டிக் கொண்டுயிட்டுக்குள்ள விடோணும். நான் ரெண்டாவதைத்தான் சொல்லுவன், நாளைக்கு வயர் மாத்துறதெண்டாலும் இழுத்து எடுக்கலாம். வயரிங் பாஸ்மார் பார்க்கிற பிரிட்டிஷ் விதி, பி.எஸ். 7671, அதில வயர் போகக்கூடிய வழியே சொல்லியிருக்கு. சுவிட்ச் பொக்ஸ்ல இருந்து நேர மேல கீழ, இல்லாட்டி நேர கிடையா, அதை விட்டா சுவர் மூலையிலயும் சீலிங் ஓரத்திலயும் 150 மில்லிமீட்டருக்குள்ள. சரிவா குறுக்கால இழுக்கவே கூடாது, நீங்கள் பிறகு படம் மாட்ட ஆணி அடிக்கேக்க அது எங்க போகுதெண்டு ஆருக்குத் தெரியும்? ஸ்டட் சுவருக்குள்ள போற வயருக்கு 30 மில்லி அம்பியர் கரண்ட் கசிஞ்சாலே விழுற ட்ரிப் சுவிட்ச் இருக்கோணும். வீட்டில ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே எண்டு நம்பிக்கொண்டு இருக்காம அதில இருக்கிற டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்கோ, விழேல்லை எண்டா சுவரை விடுங்கோ, முதல் அதை மாத்துங்கோ.

மகள் படிக்கிற அறை, சத்தம் வரக்கூடாதெண்டு உள்ள ரொக்வூல், அதாவது சத்தத்தை உறிஞ்சுற கல் நார்ப் பஞ்சு, போடுற எண்ணம் இருந்தா போடுங்கோ, நல்லது. வயரை அதுக்கு நடுவில புதைக்காதீங்கோ, சூடு போக வழியில்லை. சுவரோட ஒட்டிப் பிடிச்சு விட்டா 27 அம்பியர் தாங்குற 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் அதுக்குள்ள முழுசாப் புதைஞ்சா 13.5தான் தாங்கும், சரிபாதி. ஹோல் பக்கத்து பிளக் பொக்ஸும் அறைப் பக்கத்து பிளக் பொக்ஸும் முதுகோட முதுகு வாற மாதிரி வைக்கவும் வேண்டாம், டிவி சத்தம் அந்த ஓட்டையாலயே அறைக்குள்ள வரும்.

இன்னொராள் கொட்டாஞ்சேனையில இருந்து நடுவில ரிஜிஃபோம் (டிவி பெட்டிக்குள்ள வாற வெள்ளைத் தெர்மோகோல்) வச்ச ரெடிமேட் பெனல் போட்டா என்ன எண்டு கேட்டிருந்தார், அதையும் இதோடயே சொல்லிப்போடுறன். போடலாம், கெதியா முடியும். அதுக்குள்ள பி.வி.சி. வயர் ரிஜிஃபோமில நேரா முட்டக்கூடாது, வயர்ட உறையை மெதுவா வச்சிருக்கிற பொருளை ரிஜிஃபோம் உறிஞ்சி எடுத்திடும், வருசம் போக வயர் காய்ஞ்சு வெடிக்கும். கட்டாயம் கொண்டுயிட்.

ஏஸி பைப்பையும் மறந்திடாதீங்கோ, கொழும்பு ஈரக் காத்தில குளிர் பைப்ட கறுப்பு ஸ்பொஞ்சில ஒரு சின்னக் கிழிசல் இருந்தாலும் அந்த இடம் நாள் முழுக்க வேர்த்துச் சொட்டும். கல்லுச் சுவரெண்டா தாங்கும், ஜிப்சம் ஊறிப் பூஞ்சணம் பிடிச்சிடும். மூட்டு வாற இடத்தில ஸ்பொஞ்சை ஒட்டி டேப் சுத்தினதை நீங்களே கையால தடவிப் பாருங்கோ. ஏஸித் தண்ணி போற பைப்புக்குச் சரிவு வேணும், நடுவில எங்கயும் வயிறு விழக்கூடாது. கீசர் போடுறதெண்டா சுடுதண்ணிக்கு சாதாரண பி.வி.சி. பைப் சரிவராது, சூடு தாங்குற பி.பி.ஆர். பிளாஸ்டிக் பைப் போடுங்கோ, சூடாக்கி ஒட்டுறதால சுவருக்குள்ள திருகுற மூட்டும் குறையும்.

ரெண்டாம் பக்கத்துப் போர்ட்டை அடிக்க முதல் வேலையை நிப்பாட்டுங்கோ. பாஸ் அவசரப்படுத்துவார், பெயிண்ட் பாஸ் வெளியில நிக்கிறார் எண்டுவார், நிக்கட்டும். தண்ணி லைனுக்கு டெஸ்ட் பம்ப் பிடிச்சு, வழமையா வாற அழுத்தத்திட ஒண்டரை மடங்குக்கு ஏத்தி மீட்டர் முள்ளு இறங்குதோ எண்டு பாருங்கோ. வேஸ்ட் பைப்பைக் கீழ அடைச்சுப்போட்டுத் தண்ணி நிரப்பி ஒரு இரவு விடுங்கோ. பேசின், கண்ணாடி, டவல் கம்பி, கீசர், டிவி எங்கெங்க வருமோ அந்த இடமெல்லாம் ஸ்டட்டுக்கு நடுவில பிளைவுட் துண்டு இறுக்கோணும், கறையான் மருந்து அடிச்ச பலகையாப் பாருங்கோ, ஜிப்சம் போர்ட்ல கீசரைத் தொங்கவிட்டா அது போர்ட்டோட சேர்ந்துதான் கீழ வரும். பிறகு மீட்டர் டேப்பை நிலத்தில இருந்து நீட்டிப் பிடிச்சு அளவு தெரியிற மாதிரி சுவர் முழுக்க ஃபோன்ல படம் எடுங்கோ, குடும்ப வட்ஸ்அப் குரூப்பிலயும் போட்டு வையுங்கோ, ஃபோன் துலைஞ்சாலும் படம் இருக்கும்.

அக்கா, ஸ்டட் வாங்க ஓட முதல் ஒரு வேலை செய்யுங்கோ. கொமட் வைக்க நினைக்கிற இடத்தில இருந்து, ஏற்கெனவே இருக்கிற பாத்ரூம்ட நாலு இஞ்சி பைப் கீழ இறங்குற டக்ட் வரைக்கும் எத்தினை அடி எண்டு அளவுங்கோ. அந்த பைப்புக்கு 40க்கு 1 சரிவு வேணும், அதாவது ஒரு மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் இறங்கோணும், நாலு மீட்டர் தூரமெண்டா நாலு இஞ்சி இறக்கம். பி ட்ரப் கொமட்டுக்கு அந்த உயரம் சமாளிக்கலாம், ஷவர்ட வாய் நிலத்தில இருக்கே, அதுக்கு பாத்ரூம் தரையை ஒரு படி உயர்த்தித்தான் ஆகோணும், தூரம் கூடக் கூடப் படியும் உயரும். ஆறேழு மீட்டர் வருதெண்டா பாத்ரூமை அந்த மூலையில வைக்காம டக்ட் பக்கம் தள்ளி அறையை மற்றப் பக்கம் எடுக்கிறதுதான் புத்தி. அளந்துபோட்டு, நடுவில வேற அறை, பீம் ஏதும் வருதோ எண்டும் சேர்த்துக் கீழ எழுதுங்கோ, பார்த்துச் சொல்லுறன்.