கடல்நாய் ஏற முடியாத பாறையும், கெட்டியாக இருந்துகொண்டே ஓடும் பூமியும்

[திரையில்: கடலோரப் பாறை, அதில் வெட்டிய ஒரு கோடு]

ஸ்வீடனில் யேவ்லெ என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற பாறை இது. 1731இல் கடல் மட்டத்தைக் குறித்து வைக்க இதில் ஒரு கோடு வெட்டினார்கள். இன்றைக்கு அந்தக் கோடு தண்ணீருக்கு மேலே சுமார் 2 மீட்டர் உயரத்தில் நிற்கிறது! வெட்டச் சொன்னவர் ஆண்டர்ஸ் செல்சியஸ். ஆமாம், வானிலை அறிக்கையில் தினமும் வருகிற அதே செல்சியஸ்தான்.

அவருக்கு ஏன் இந்த வேலை? அந்தக் காலத்தில் கடல்நாய்கள் ஏறிப் படுக்கிற பாறைக்குச் சொந்தக்காரர் உண்டு, விலை உண்டு, ஏனென்றால் அங்கேதான் வேட்டை சுலபம். தாத்தா காலத்தில் காசு கொடுத்து வாங்கிய பாறை, பேரன் காலத்தில் கடல்நாய் ஏற முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. கடல்தான் வற்றுகிறது என்று செல்சியஸ் நினைத்தார். பாவம், தப்புக் கணக்கு. ஏறிக்கொண்டிருந்தது நிலம்.

காரணத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன்: பனியுகத்தில் அங்கே 3 கிலோமீட்டர் கனத்துக்குப் பனி உட்கார்ந்திருந்தது, அது உருகிப் போய் கிட்டத்தட்ட 10,000 வருஷம் ஆகிறது, அழுந்திய நிலம் இன்னும் எழுந்துகொண்டே இருக்கிறது. பிசைந்த மாவை உள்ளங்கையால் அழுத்தினால் ஓரமாகப் பிதுங்குமே, அப்படி அடியில் இருந்த கவசம், அதாவது பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கிற கனமான பாறை அடுக்கு, அன்றைக்குப் பக்கவாட்டில் பிதுங்கியது. இப்போது திரும்பி வருகிறது.

'கவசம்தான் எரிமலைக் குழம்பு ஆச்சே, ஓடாதா?' என்று கேட்பீர்கள். இல்லை! பாடப் புத்தகத்தில் ஆரஞ்சு வண்ணம் அடித்து நம்மை ஏமாற்றிவிட்டார்கள். திரவத்துக்குள் போகவே முடியாத ஒரு வகை நிலநடுக்க அலை கவசத்துக்குள் தாராளமாகப் போகிறது. அது கெட்டிக் கல். மேல்பகுதியில் பெரும்பாலும் ஆலிவின் என்ற பச்சைக் கனிமம், நகைக்கடையில் பெரிடாட் என்று விற்பார்களே, அதுதான்.

[திரையில்: ஜமக்காளம்]

சரி, கல் எப்படி ஓடும்? ஹால் முழுக்க விரித்த ஜமக்காளத்தை ஒரு சாண் நகர்த்த வேண்டும். மொத்தமாக இழுத்தால் இடுப்பு போய்விடும். ஒரு ஓரத்தில் சின்னச் சுருக்கம் உண்டாக்கி, அதைக் காலால் தள்ளிக்கொண்டே மறு ஓரம் வரை கொண்டுபோனால்? ஜமக்காளம் நகர்ந்திருக்கும், உங்களுக்கு மூச்சுகூட வாங்காது. ஆலிவின் படிகத்துக்குள்ளும் அணு வரிசையில் அப்படிப் பிசகின இடங்கள் இருக்கின்றன. அந்தப் பிசகு நகர நகர, படிகம் உடையாமலே உருவம் மாறும். இன்னொரு வழி டவுன் பஸ் வழி: ஒரே ஒரு சீட் காலி, பக்கத்தில் இருப்பவர் அதற்கு மாறுகிறார், அவர் சீட்டுக்கு இன்னொருவர். அணுக்களும் அப்படிக் காலி இடத்துக்குத் தாவித் தாவிப் போகும்.

இதற்கெல்லாம் சூடு வேண்டும். 1,300 டிகிரி பக்கத்தில் இருக்கும்போது இன்னொரு 100 டிகிரி கூடினால் ஆலிவின் ஏறக்குறைய 10 மடங்கு இளகிவிடும். டிகிரி செல்சியஸ், கவனியுங்கள். மனுஷன் விடமாட்டேன் என்கிறார்!

எவ்வளவு கெட்டி? ஸ்வீடனும் பின்லாந்தும் எழுகிற வேகத்தை வைத்தே நார்மன் ஹாஸ்கெல் 1935இல் கவசத்தின் பாகுத்தன்மையை, அதாவது ஓடுவதற்கு அது எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதை, கணக்கிட்டார்: 1 போட்டு 21 சுழி, பாஸ்கல்-நொடி. தண்ணீருக்கு அது 0.001.

எனக்கு ரொம்பப் பிடித்தது பின்லாந்து சமாச்சாரம். கடல் விலக விலக அந்த நாட்டுக்கு வருஷத்துக்குச் சுமார் 7 சதுர கிலோமீட்டர் புது நிலம் கிடைக்கிறது. பட்டா யாருக்கு? கரையில் வீடு வைத்திருப்பவருக்கு என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. அந்தத் தண்ணீர்ப் பரப்பு யாருக்குச் சொந்தமோ, பெரும்பாலும் ஊர்ப் பொதுவில் இருக்கும், நிலமும் அவர்களுக்குத்தான். கடலைப் பார்த்தபடி வீடு கட்டியவர், கடல் தள்ளிப் போனதும் நடுவில் முளைத்த நிலத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நம் ஊராக இருந்தால் எத்தனை கேஸ் நடந்திருக்கும் என்று கமெண்டில் போடுங்கள்.

வேகம் அதிகபட்சம் வருஷத்துக்கு 9 மில்லிமீட்டர், உங்கள் விரல் நகம் இதைவிட வேகமாக வளரும். ஆனாலும் ஸ்வீடனின் ஹோகா குஸ்டன் கரை இதுவரை 286 மீட்டர் ஏறியிருக்கிறது. எதிர்க்கரையில் குவார்க்கன் தீவுக்கூட்டம். நடுவில் உள்ள கடல் ஆழமே இல்லாதது, இன்னும் இரண்டாயிரம் வருஷம் சொச்சத்தில் அங்கே ஸ்வீடனிலிருந்து பின்லாந்துக்கு நடந்தே போகலாம், வடக்கே மிஞ்சுகிற கடல் ஏரியாகிவிடும். கடல்நாய்கள் அதற்குள் வேறு பாறை பார்த்துக்கொள்ளட்டும்.

[திரையில்: செல்சியஸ் கோடு, மறுபடியும்]