ஸ்டியரிங் பிடிக்கிறதா? லீவரைப் பாருங்கள்

கொடைக்கானல் பண்பலை நேயர்களுக்கு வணக்கம்.

மன்னவனூரில் கேரட் ஏற்றுவது ஜீப்பு. பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டை வருவதும் ஜீப்பில்தான். ராத்திரியில் பிரசவ வலி கண்டால் கூப்பிடுவதும் அதே ஜீப்பைத்தான். அந்த வண்டியில் ஸ்டியரிங் பிடிக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறும். பிரேக் குறைந்தாலாவது கியர் கொஞ்சம் கை கொடுக்கும். ஒரு கொண்டை ஊசியில் வளைத்த ஸ்டியரிங் திரும்பி வராமல் நின்றுவிட்டால், எதிர்ப்பக்கம் வருகிற அடுத்த வளைவுக்கு என்ன செய்வது?

பிடிப்பு என்றதும் எல்லோரும் ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள கியர் பெட்டியை, ஸ்டியரிங் பாக்ஸைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி வேறு. "தம்பி, ஃபோர் வீல் லீவர் எங்கே கிடக்கு?" நான்கு சக்கரமும் இழுக்கும்படி போடுகிற லீவர் அது.

மழை பெய்த தோட்டத்தில் ஜீப்பைத் திருப்பிய தடத்தைப் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரம் சுற்றிப் போயிருக்கும், பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிப் போயிருக்கும். இரண்டு அச்சுக்கும் நடுவில் 2.4 மீட்டர் உள்ள ஒரு வண்டி, முன் அச்சு 6 மீட்டர் ஆரத்தில் போகும்படி அரை வட்டம் திரும்பினால், முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற டூ வீலில் இருந்தால் முன்சக்கரம் தன் போக்கில் உருண்டுகொள்ளும். ஃபோர் வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி கட்டப்பட்டுவிடுகின்றன. சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த ஒன்றரை மீட்டரை ஈடுகட்டும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டிலும் கியரிலும் ஏறுகிறது. ஸ்டியரிங் இறுகுகிறது, வண்டி தத்தித் தத்திப் போகிறது. சிலர் அப்போது ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதிக்கிறார்கள். வேண்டாம் ஐயா. தோட்டத்துச் சேற்றிலிருந்து தாருக்கு ஏறியதும் லீவரை எடுங்கள். முறுக்கேறி லீவர் வர மறுத்தால், நேராகச் சில அடி பின்னால் எடுங்கள், தளர்ந்து வந்துவிடும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகளுக்கு நடுவில், முன் அச்சையும் பின் அச்சையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற இன்னொரு டிஃபரன்ஷியல் உண்டு, அவற்றை நான் சொல்லவில்லை. நான் சொல்வது லீவர் போடுகிற நம் ஜீப்பை. இந்த லீவர் விஷயத்தைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இன்றைக்கு மலை முழுக்கக் கேட்கும்படி சொல்லக் கிடைத்தது.

சரி, டூ வீலிலும் பிடித்தால்?

பூம்பாறைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். "அண்ணே, பாக்ஸே புதுசா மாத்தியாச்சு. இன்னும் பிடிக்குது" என்றார். கீழே ஒரு பட்டறையில் மாற்றியிருக்கிறார்கள். பூண்டு விற்ற காசு அப்படியே போயிருந்தது, முகத்தில் தெரிந்தது. முதலில் நான் எதையும் மாற்றவில்லை, பிரித்துப் பார்த்தேன். அவ்வளவுதான். பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற டிராக் லிங்க்கைக் கழற்றினேன். ஸ்டியரிங்கை ஒரு விரலால் சுற்ற முடிந்தது. பழி பாக்ஸ் மேல் இல்லை. முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற டை ராடையும் கழற்றினேன். இடது சக்கரம் கையால் தள்ளியதும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போனது. வலது சக்கரம் அசையவில்லை.

சக்கரம் இடமும் வலமும் திரும்புவது கிங்பின் என்கிற அச்சாணியில். வலது கிங்பின் மூடியைத் திறந்தால், கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருத் தண்ணீர். மூடிக்கு அடியில் இடைவெளிக்காக இருக்க வேண்டிய மெல்லிய ஷிம் தகடுகளிலும் குறைச்சல். "யார் எடுத்தது?" என்று கேட்டேன். போன வருஷம் வண்டி வாப்ளிங் ஆனதாம். ஆட்டம் நிற்கட்டும் என்று யாரோ ஷிம்மை எடுத்து இறுக்கிவிட்டார்கள். ஷிம் குறைந்தால் பேரிங் அமுங்கும். ஆட்டத்தின் காரணம் தேய்ந்துபோன டை ராடு எண்ட், அதாவது அந்த ராடின் நுனி மூட்டு. அதை விட்டுவிட்டுக் கிங்பின்னை இறுக்கினார்கள், இறுக்கியது பிடிப்பாக முடிந்தது. பிறகு பாக்ஸை மாற்றினார்கள். பேரிங், ஷிம், கிரீஸ், இரண்டு எண்ட் போட்டதும் தம்பி பெருமாள்மலை வரை ஓட்டிவிட்டு வந்து, "தானா திரும்புதுண்ணே" என்றார். தானாகத் திரும்ப வேண்டும். அதுதான் நல்ல ஸ்டியரிங்குக்கு அடையாளம்.

மறுபடியும் சொல்கிறேன், மாற்றும் முன் பிரித்துப் பாருங்கள். லிங்க்கைக் கழற்றிய பிறகும் மேலே பிடித்தால், கோளாறு பாக்ஸில் அல்லது ஸ்டியரிங் ஷாஃப்ட்டில். ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடத்தில் மட்டும் கனத்தால் ஷாஃப்ட்டில் உள்ள கிராஸ் ஜாயின்ட் என்கிற மடங்கு மூட்டு துருப்பிடித்திருக்கும். சக்கரம் நேராக நிற்கும் இடத்தில் மட்டும் பிடித்தால், பாக்ஸின் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை யாரோ அளவுக்கு மேல் இறுக்கியிருக்கலாம்.

நேரம் முடிகிறது என்று உள்ளிருந்து கை காட்டுகிறார்கள். பவர் ஸ்டியரிங் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஆயில் அளவையும் பெல்ட்டையும் முதலில் பாருங்கள். டயர் காற்றையும் பாருங்கள். முன்னால் புது டயரும் பின்னால் தேய்ந்த டயரும் போட்டு ஃபோர் வீல் போட்டால் நேர் ரோட்டிலும் முறுக்கேறும். ஒன்று மட்டும் கட்டாயம்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அச்சுக்கு ஸ்டாண்டு கொடுங்கள், பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வணக்கம்.