சிக்னல் அறுந்த பிறகும் படகு ஏன் ஓடியது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். சிவகங்கை மாவட்டத்திலிருந்து, பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்.

"சார், உங்கள் ரேடியோ கன்ட்ரோல் தொடரைப் பார்த்து ஆர்டுயினோ நானோவும் என்ஆர்எஃப்24எல்01 பிளஸ் மாட்யூலும் வைத்து டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் இரண்டையும் நானே செய்தேன். தெர்மாகோல் படகு, இரண்டு மோட்டார், எல்298என் டிரைவர். வீட்டில் அருமையாக வேலை செய்கிறது. எங்கள் ஊர்க் கண்மாயில் விட்டால் 30 மீட்டருக்கு அப்பால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதுபாட்டுக்கு ஓடிப் போய் எதிர்க்கரை ஆகாயத்தாமரைக்குள் மாட்டிக்கொண்டது. ஆன்டெனா வைத்த பெரிய மாட்யூல் வாங்கினால் சரியாகிவிடுமா? சேனல் 108 வைத்தால் இன்னும் தூரம் போகும் என்கிறார்கள், வைக்கலாமா?"

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: ஆர்டுயினோ நானோ என்பது நாம் புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன கன்ட்ரோல் போர்டு, என்ஆர்எஃப்24எல்01 ரேடியோ மாட்யூல், எல்298என் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் போர்டு. இந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு வரிதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "அதுபாட்டுக்கு ஓடிப் போய்." தம்பி தூரத்தைப் பற்றிக் கேட்கிறார். பதில் சொல்கிறேன், நிச்சயம் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சிக்னல் அறுந்துவிட்டது, சரி. அறுந்த பிறகும் மோட்டார் ஏன் சுற்றியது? யார் சொல்லிச் சுற்றியது?

இந்தத் தொடரைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: ரிசீவர் செய்கிறவர், சிக்னல் வராத நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதை முதலில் எழுத வேண்டும். வரும் நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்பது அப்புறம். இன்றைக்கும் அதையேதான் சொல்லப் போகிறேன், இந்தப் படகை வைத்து.

உள்ளே என்ன நடந்தது என்று பாருங்கள். டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஒரு பாக்கெட், அதாவது சில எண்கள் அடங்கிய சின்னத் தகவல் கட்டு, வருகிறது. "இரண்டு மோட்டாரும் முழு வேகம்" என்கிறது. ஆர்டுயினோ அந்த எண்ணை எடுத்து, பிடபிள்யூஎம் காலுக்கு, அதாவது மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டு அனுப்பி மோட்டார் வேகத்தை மாற்றும் பின்னுக்கு, எழுதுகிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. அந்தக் காலை இயக்குவது சிப்புக்குள் இருக்கிற டைமர். புது எண் வரும்வரை அது பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். 30 மீட்டரில் பாக்கெட் நின்றது. கடைசியாக வந்த எண் முழு வேகம். அவ்வளவுதான், படகு கிளம்பிவிட்டது. மாட்டு வண்டிக்காரர் தூங்கிப்போனாலும் மாடு வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். ஆர்டுயினோவுக்கு வீடு எது என்று தெரியாது.

விமானம் செய்கிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. கடையில் வாங்கும் ஈஎஸ்சி, அதாவது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு, பெரும்பாலும் பல்ஸ் வராவிட்டால் மோட்டாரை நிறுத்திவிடும். 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை, 1 மில்லி செகண்டிலிருந்து 2 மில்லி செகண்ட் அகலத்தில் பல்ஸ் வர வேண்டும் என்று அது எதிர்பார்க்கும். நம் வீட்டு ரிசீவரில் சர்வோ லைப்ரரி, அதாவது பல்ஸ் அனுப்புவதற்கென்று எழுதி வைத்த ரெடிமேட் புரோகிராம், என்ன செய்கிறது? ரேடியோ செத்த பிறகும் கடைசி அகலத்திலேயே பல்ஸை ஒழுங்காக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஈஎஸ்சிக்கு எந்தச் சந்தேகமும் வராது. ஆக, கம்பெனிக்காரர் வைத்துக் கொடுத்த பாதுகாப்பையும் நம் ரிசீவரே மறைத்துவிடுகிறது.

இதற்கு மருந்து நாலைந்து வரிதான். ஆர்டுயினோவில் மில்லிஸ் என்ற கடிகாரம் மில்லி செகண்டில் எண்ணி ஓடிக்கொண்டே இருக்கிறது. பாக்கெட் வந்த ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். லூப், அதாவது புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி, சுற்றும் ஒவ்வொரு முறையும் இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். 500ஐத் தாண்டிவிட்டதா, இரண்டு மோட்டாருக்கும் "நில்" என்று எழுதுங்கள். நாம் செகண்டுக்கு 50 பாக்கெட் அனுப்புகிறோம். ஒன்றிரண்டு தவறுவது சகஜம், அதற்கெல்லாம் நிறுத்தினால் படகு விக்கிக்கொண்டு போகும். 25 பாக்கெட் தொடர்ந்து காணவில்லை என்றால் இணைப்பு போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "நில்" என்றால் பூஜ்யம் என்று நினைத்து எல்லா எண்களையும் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். ஜாய்ஸ்டிக் நடுவில் இருக்கும்போது வரும் எண் என்ன? 0 முதல் 255 வரை அனுப்பினால் நடு 127. அங்கேதான் மோட்டார் நிற்கிறது. பூஜ்யம் என்பது குச்சியைக் கடைசிவரை பின்னால் இழுத்தது, அதாவது முழு ரிவர்ஸ்! சிக்னல் போனதும் படகு பின்பக்கமாகப் பாயும். இன்னொரு விஷயம், ரிசீவருக்கு கரண்ட் கொடுத்து முதல் பாக்கெட் வருவதற்குள் அந்த மாறிகளில் என்ன எண் இருக்கிறது? கவனிக்காமல் விட்டால் அங்கேயும் பூஜ்யம்தான் இருக்கும். ஸ்விட்சைப் போட்டவுடன், கை புரொப்பல்லர் பக்கத்தில் இருக்கும்போதே சுற்றும். ஆகவே புரோகிராம் தொடங்கும் இடத்திலேயே 127ஐ எழுதிவிடுங்கள்.

படகு என்றதும் டெஸ்லாவைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உலகத்துக்கு முதன்முதலாக ரேடியோ கன்ட்ரோலைக் காட்டிய பொருளும் ஒரு படகுதான். 1898இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், ஒரு தொட்டித் தண்ணீரில் நிக்கோலா டெஸ்லா அதை ஓட்டிக் காட்டினார். அதே வருடம் நவம்பர் 8ஆம் தேதி பேட்டன்ட் கிடைத்தது, எண் 6,13,809. அப்போது டிரான்சிஸ்டரும் இல்லை, வால்வும் இல்லை. அலையைப் பிடிக்க அவரிடம் இருந்தது கோஹியரர், அதாவது உலோகத் தூள் அடைத்த ஒரு குழல். அலை பட்டதும் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். பிரச்சினை என்ன தெரியுமா? அலை நின்ற பிறகும் தூள் ஒட்டியபடியே இருக்கும். குலுக்கினால்தான் உதிரும். ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் அந்தக் குழலைத் தலைகீழாகப் புரட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவர டெஸ்லா தனியாக ஒரு இயந்திர அமைப்பே செய்து வைத்தார். தம்பி, உங்கள் ஆர்டுயினோவின் பிடபிள்யூஎம் காலும் அந்தத் தூள் மாதிரி ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மில்லிஸ் வரிகள்தான் உங்கள் குழலைப் புரட்டுகிற கை.

அதற்குப் பிறகு வந்தவர்களும் இதை விடவில்லை. அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்று இரட்டைச் சகோதரர்கள், இருவரும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். 1937இல் 'கஃப்' என்ற விமானத்தை ரேடியோவில் பறக்கவிட்டார்கள். அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதையடுத்த வருடங்களில் ஒரே பட்டன் வைத்த ஒற்றைச் சேனல் செட்டுகள் பரவின. முறுக்கிய ரப்பர் பேண்டின் விசையால் வால் சுக்கானைத் திருப்பும் எஸ்கேப்மென்ட் என்று ஒன்று. பட்டனை அழுத்தினால் சுக்கான் திரும்பும், விட்டால் நேராகும். சிக்னல் போனாலும் நேராகத்தான் நிற்கும். விமானமும் தானாகவே சமநிலையில் மிதக்கிற மாதிரி கட்டப்பட்டிருக்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு, பாருங்கள்! ஒரு வரி புரோகிராம் கிடையாது.

சரி, தூரத்துக்கு வருவோம். பெரிய மாட்யூல் வாங்க வேண்டுமா? இப்போது வேண்டாம். சாதாரண மாட்யூல் அனுப்புவது 1 மில்லிவாட். ஆன்டெனா வைத்தது ஏறத்தாழ 100 மில்லிவாட், அதாவது 20 டெசிபல் கூடுதல் (10 டெசிபல் என்றால் பவர் 10 மடங்கு). திறந்த வெளியில் அது 10 மடங்கு தூரம். ஆனால் தண்ணீர் மட்டத்தில் கணக்கு மாறுகிறது. உங்கள் ரிசீவர் தெர்மாகோலுக்குள், தண்ணீரிலிருந்து ஒரு 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கரையிலிருந்து நேராக வரும் அலை ஒன்று, தண்ணீரில் பட்டுத் தெறித்து வரும் அலை ஒன்று. தெறிக்கும்போது அது தலைகீழாகிவிடுகிறது. ஆன்டெனா தாழ இருந்தால் இரண்டு பாதையும் ஏறக்குறைய ஒரே நீளம், அதனால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் நாலில் ஒன்றாகக் குறைய வேண்டியது, இங்கே பதினாறில் ஒன்றாகக் குறைகிறது. இந்தக் கணக்கில் 100 மடங்கு பவர் கொடுத்தாலும் தூரம் மூன்று மடங்கு சொச்சம்தான் கூடும்.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியது இரண்டு. முதலாவது, மாட்யூலை ஒரு குச்சியில் கட்டி 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்குங்கள். உயரம் நாலு மடங்கு, சிக்னல் 12 டெசிபல் கூடும். இரண்டாவது, டேட்டா ரேட், அதாவது செகண்டுக்கு எத்தனை பிட் அனுப்புகிறோம் என்பது. நிறையப் பேர் 2 மெகாபிட்டில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். இந்த சிப்பைச் செய்யும் நோர்டிக் கம்பெனியின் டேட்டா ஷீட்டில், ரிசீவர் பிடிக்கக்கூடிய மிக மெலிந்த சிக்னல் 2 மெகாபிட்டுக்கு மைனஸ் 82 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் அளவு), 250 கிலோபிட்டுக்கு மைனஸ் 94 என்று போட்டிருக்கிறது. அதாவது மெதுவாகப் பேசினால், 16 மடங்கு மெலிந்த சிக்னலையும் ரிசீவர் கேட்கும். இங்கேயும் 12 டெசிபல். ஏழெட்டு பைட் அனுப்ப 250 கிலோபிட் தாராளம். இரண்டும் சேர்ந்து 24, நீங்கள் வாங்க நினைத்த மாட்யூலைவிட அதிகம். கணக்குப்படி 30 மீட்டர் 120 ஆக வேண்டும். காற்றும் அலையும் கொஞ்சம் தின்றுவிடும், இருந்தாலும் உங்கள் கண்மாய்க்குப் போதும். ஒன்று மட்டும் பாருங்கள், பிளஸ் இல்லாத பழைய மாட்யூலில் 250 கிடையாது.

அப்படியும் பெரிய மாட்யூல் வாங்குவதானால், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதோடு 3.3 வோல்ட் ரெகுலேட்டர் போர்டையும் கேட்டு வாங்குங்கள். அனுப்பும்போது அது 100 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கும். நானோவின் 3.3 வோல்ட் கால் ஏறத்தாழ 50 வரைதான் தாங்கும். சின்ன மாட்யூலுக்கும் அதன் காலடியிலேயே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று கட்டாயம். மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும், அந்த ஒரு கணத்தில் மாட்யூல் மயங்கிவிடும்.

சேனல் 108 வைக்க வேண்டாம். அந்த எண்ணோடு 2400ஐக் கூட்டினால் வருவதுதான் மெகாஹெர்ட்ஸ், 2508. நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டிருப்பது 2400 முதல் 2483.5 வரை. வைஃபையிலிருந்து தப்பிக்க மேலே போகச் சொல்கிறார்கள், மேலே இருப்பது வேறொருவர் இடம். ரேடியோ மாட்யூலுக்கான லைப்ரரி தானாக வைக்கும் 76 நல்ல சேனல். வைஃபை 11ஆம் சேனல் 2473 வாக்கில் முடிகிறது, நீங்கள் 2476இல் இருப்பீர்கள்.

கண்மாய்க்குப் போகும் முன் வீட்டுத் தொட்டியில் படகை விட்டு, முழு வேகத்தில் ஓடும்போது டிரான்ஸ்மிட்டரின் பேட்டரியைப் பிடுங்குங்கள். அரை செகண்டில் மோட்டார் நிற்க வேண்டும். படகை முன்னால் ஓட்டி ஒருமுறை, பின்னால் ஓட்டி ஒருமுறை, ஒரு மோட்டார் மட்டும் ஓடும்போது ஒருமுறை. அப்புறம் கண்மாய்க் கரையில், டிரான்ஸ்மிட்டரின் பவரைக் குறைந்தபட்ச அளவுக்கு, மைனஸ் 18 டிபிஎம்முக்கு இறக்குங்கள். படகைக் கயிற்றில் கட்டி ஓரத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கரையோரமாகவே விலகி நடந்து, எதுவரை சொன்னபடி கேட்கிறது என்று பாருங்கள். அந்தப் பவரில் 20 மீட்டர் கேட்டால், முழுப் பவரில் அதைப் போல் மூன்று மடங்கு அளவுக்குக் கேட்கும். 20 மீட்டர் வரவில்லை என்றால் கயிற்றை அவிழ்க்க வேண்டாம். மாட்யூலின் உயரத்தையும் அந்தக் கெப்பாசிட்டரையும் இன்னொரு முறை பாருங்கள்.