ஊர் கட்டிய பள்ளி, ஊர் நடத்தும் பள்ளி

நேயர்களுக்கு வணக்கம்.

நம் சிற்றூர்களில் பழைய பள்ளிக் கட்டடம் எஞ்சியிருந்தால், அதன் சுவரில் பதித்த கல்லைப் படித்துப் பாருங்கள். நிலம் தந்தவர், வகுப்பறை கட்டித் தந்தவர் எனச் சில பெயர்கள் அதில் இருக்கக்கூடும். காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. கரும்பலகை, பெஞ்சு, குடிநீர்ப் பானை, சீருடை, கூடுதல் அறை என்று ஒவ்வொரு பள்ளிக்கும் தேவைப்படுவனவற்றைப் பட்டியலிட்டு ஊரார்முன் வைப்பதும், தருவதாக ஒப்புக்கொண்டவற்றை மாநாட்டில் அறிவிப்பதும்தான் அந்த இயக்கத்தின் நடைமுறை. அதற்கு ஈராண்டு முன்பே பரவத் தொடங்கியிருந்த மதிய உணவுத் திட்டத்திலும் செலவின் ஒரு பகுதியை ஊரே ஏற்றது. காசு இல்லாதவர்கள் தானியமாகவும் காய்கறியாகவும் விறகாகவும் கொடுத்தார்கள்.

அந்தக் கொடையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் கட்டடத்துக்குக் கொடுப்பது வேறு, பள்ளியை நடத்துவதில் பங்கு கொள்வது வேறு. நிலமும் பணமும் உள்ளவர் கொடுக்கும்போது பள்ளியைப் பற்றிய பேச்சிலும் அவர் குரலே ஓங்கும். கூலி வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை அதே பள்ளியில் படித்தாலும், கல்லில் பெயர் இல்லாத அவரை யாரும் கருத்துக் கேட்பதில்லை. சாதிவாரியாகத் தெருக்கள் பிரிந்து கிடக்கும் ஊரில் இது இன்னும் கூர்மையாகிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. அதன் 21ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும்; பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும்; நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை வகுப்பதும் இக்குழுவின் பணிகள். அரசு ஒதுக்கும் மானியத்துக்கு அத்திட்டமே அடிப்படையாக அமைய வேண்டும் என்று 22ஆம் பிரிவு கூறுகிறது. பலர் கவனிக்காமல் கடந்துபோகும் வரி இது.

சட்டம் இடம் கொடுத்துவிட்டது. கூட்டம் நடக்கும் நேரம் கொடுக்கவில்லை. நண்பகலில் கூட்டினால் அன்றைய கூலியை இழந்துதான் ஒரு தாய் வர வேண்டும். வந்தவரிடமும் எழுதி முடித்த தீர்மானத்தை நீட்டிக் கையொப்பம் மட்டும் வாங்கினால் குழு காகிதத்தில்தான் இருக்கும். வேலை முடிந்த மாலையில் கூட்டி, வரவு செலவைப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி உரக்க வாசித்து, கழிப்பறைக்குத் தண்ணீர் வராததைத் தாய் சொன்னால் அதை அவர் சொன்னபடியே தீர்மான ஏட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குத் தனியாக நிதி எதுவும் தேவையில்லை. தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் சேர்ந்து முடிவு செய்தால் வரும் மாதத்திலேயே தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.